மச்சான் கவ்வாத்து வெட்டின ஆவாரை

என் தங்கச்சி குளவி கொட்டிச் செத்தவ. அத முதல்லயே சொல்லிடுறேன், சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. வெளியூர்க்காரங்க கேப்பாங்க, குளவி கொட்டி ஒரு ஆள் சாவாங்களான்னு. சாவாங்க. தோட்டத்துல பொறந்தவங்க யாரும் இந்தக் கேள்வியக் கேக்க மாட்டாங்க. கொழுந்து எடுக்கிற தேயிலை மட்டமா, இலை நெருக்கி நிக்கும். அடியில கெளைக்குள்ள கூடு தொங்கினா மேல நிக்கிறவளுக்குத் தெரியாது. கூடை ஒரு தரம் இடிச்சாப் போதும். அன்னைக்குப் பக்கத்து நிரையில நின்ன பொம்பளைங்க கத்திக்கிட்டு ஓடியிருக்காங்க. இவ கால் இடறி, மழைத்தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்துட்டா. எனக்குப் போன் வந்தப்ப நான் வெலிமடையில லொறிக்குக் கெழங்கு மூட்டை ஏத்திக்கிட்டு நின்னேன். போட்டது போட்டபடி விட்டுட்டுப் பதுளைக்கு ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில காட்டினப்ப அது அவ மொகமாவே இல்ல. கையில கெடந்த வளையல வச்சுத்தான் இவதான்னு ஒத்துக்கிட்டேன்.

எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் அமையல. பதுளை டவுன்ல ஒரு முதலாளிகிட்ட லொறி ஓட்டிக்கிட்டு, அவர் கடைக்கு மேல ஒரு அறையில கெடக்கிறவன். எனக்குன்னு இருந்தது தங்கச்சி வீடு ஒண்ணுதான். லுணுகலைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல அவளும் மச்சானும் அவங்க மகளும் லயம்ங்கிற வரிசை வீட்டுல ஒரே காம்பராவுல, ஒத்தை அறையில இருந்தாங்க. மகள் பிறகு கொழும்புக்குத் துணிக்கடை வேலைக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமையானா நான் பஸ் ஏறி அங்க போயிடுவேன். தின்னுட்டு, தங்கச்சியோட வாய்ச் சண்டை போட்டுட்டு, பொழுது சாயத் திரும்பி வருவேன். சண்டை போட எனக்கு வேற எடம் இருந்ததில்ல.

மச்சான் கவ்வாத்துக்காரர். தேயிலை உயரம் போயிட்டா கத்தியால மட்டமா வெட்டி விடணும், அதுதான் கவ்வாத்து. வெட்டினா செடி பக்கவாட்டுல கிளைச்சு நெருக்கமாத் தழைக்கும், அப்பதான் கொழுந்து எடுக்கலாம். அவர் வெட்டின மலையில நூல் பிடிச்சுப் பாத்தாலும் மேடு பள்ளம் இருக்காது. ஆள் பேச மாட்டார். எனக்கோ மூக்குக்கு மேல கோவம், வாயும் கொஞ்சம் நீளம். நான் தொண்டை கிழியக் கத்தி முடிச்சா அவர் "ம்"ம்பார். தங்கச்சி போன பிறகு அந்த "ம்"மும் கொறைஞ்சு போச்சு.

அவளப் பொதைச்சது தோட்டத்து மயானத்துல. மயானம்னா மதில் கட்டி, கேட்டுப் போட்டு இருக்கும்னு நெனைக்காதீங்க. லயத்துக்கு மேல, தேயிலை பிடிக்காத ஒரு மேடு. கல்லும் மானாப் புல்லும்தான். நல்ல மண்ணா இருந்தா அதுல தேயிலை வச்சிருப்பாங்களே, நமக்கு ஏன் குடுக்கப் போறாங்க? ஆனியில அடிக்கத் தொடங்குற காத்து ஆவணி வரைக்கும் அந்த மேட்ட வறுத்து எடுக்கும். ஐப்பசியில மழை எறங்கினா மேல் மண்ணெல்லாம் வழிச்சுக்கிட்டு ஓடும். குவிச்சு வச்ச மண் ஒரு மழைக்குத் தாங்காது. கல்லு நட்டுப் பேர் எழுத வசதியுள்ளவங்க அங்க யாரும் இல்ல. எழுதினாலும் அந்த நெலம் நம்ம நெலமில்ல. லயமும் தோட்டத்துக்குச் சொந்தம், படுக்கிற குழியும் தோட்டத்துக்குச் சொந்தம்.

அதனால என்ன நடக்கும்னா, யாரு எங்க கெடக்காங்கன்னு கொஞ்ச வருசத்துல யாருக்கும் தெரியாமப் போயிடும். அடுத்த சாவுக்குக் குழி வெட்டப் போற ஆளுங்க மண்வெட்டியப் போட்டா உள்ள எலும்பு வரும். பாவம், அவங்களும் என்ன செய்வாங்க? எலும்ப ஓரமா எடுத்து வச்சு, புது ஆள வச்ச பிறகு அதையும் மேல போட்டு மூடிடுவாங்க. தங்கச்சி செத்து கொஞ்ச நாள்ல ஒரு சாவுக்குப் போனப்ப மச்சான் இதக் கண்ணால பாத்துட்டார். வந்த எலும்போட ஒரு கண்ணாடி வளையல் துண்டும் வந்துச்சாம். அது யாருன்னு அங்க நின்ன ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல.

அந்த ஞாயித்துக்கிழமை நான் போனப்ப மனுசன் சோத்துல கை வைக்கல. வாசல்ல குந்திக்கிட்டு மேட்டையே பாத்துக்கிட்டு இருந்தார். நான் வழக்கம் போல எதையோ சொல்லிக் கடிஞ்சேன். அப்பத்தான் வாயத் தொறந்தார்.

"மச்சான், அவ மேல இன்னொருத்தர வச்சிடக் கூடாது. அவ பக்கத்துல எனக்கு ஒரு எடம் வேணும். வேற ஒண்ணும் நான் யாருகிட்டயும் கேக்கல."

அவ்வளவு நீளமா அவர் பேசி நான் கேட்டதில்ல. இது என்ன பெரிய காரியம், ஒரு செடிய நட்டு அடையாளம் வச்சா முடிஞ்சுதுன்னு சொன்னேன். வாய் சொல்லிடுச்சு. அந்த மேட்டுல செடி நடுறது எவ்வளவு பெரிய காரியம்னு பிறகுதான் தெரிஞ்சுது.

முதல்ல செவ்வந்தி வச்சோம். காத்து அடிச்ச முதல் வாரமே கருகிப் போச்சு. டவுன்ல இருந்து குரோட்டன் கொண்டு போனேன், லயத்து மாடு ஒண்ணு மோந்து பாத்து முழுசாத் தின்னுட்டுப் போயிடுச்சு. ரோஜாவுக்கு மச்சான் கீழ ஊத்துத்தண்ணி விழுற பீலியில இருந்து தூக்கி ஊத்தினார். அந்த ஏத்தத்துல வாளி சுமக்கிற வயசா அது? ரோஜா செத்ததுல எனக்கு நிம்மதின்னுதான் சொல்லணும். கடைசில ஒரு தேயிலைக் கண்டு கூட வச்சுப் பாத்தார். தேயிலை பிடிக்காத மேடுன்னு தோட்டம் நமக்கு ஒதுக்கின எடமில்லையா அது, எப்படிப் பிடிக்கும்? அதுவும் செத்துச்சு.

அப்பத்தான் எனக்கு உப்பு லோடு வந்துச்சு. முதலாளிக்கு அம்பாந்தோட்டையில இருந்து உப்பும் கருவாடும் ஏத்தி வரணும். வெல்லவாய தாண்டி எறங்கினா ஊரே மாறிடும். வெயில், முள்ளுப் பத்தை, வெடிச்ச தரை. பச்சைன்னு கண்ணுக்கு ஒண்ணும் ஆம்பிடாது. அந்தக் காய்ச்சல்ல ரோட்டோரமா ஒரு செடி மட்டும் மஞ்சளாப் பூத்துத் தள்ளிக்கிட்டு நிக்கும். எத்தனையோ தரம் அதத் தாண்டிப் போயிருக்கேன், திரும்பிப் பாத்ததில்ல. அந்தத் தரம் ஒரு குடிலுக் கடையில பிளேன்டீ கேட்டேன். தேயிலை முடிஞ்சு போச்சுன்னு கடைக்காரம்மா ரணவரா தந்துச்சு. ரணவரான்னா சிங்களத்துல அந்தச் செடிக்குப் பேரு, பூவ அவிச்சுக் குடிக்கிறது. நம்ம ஆவாரைதான். இது எந்த வெயிலுக்கும் சாகாது, மாடும் சீந்தாதுன்னு அந்தம்மா சொன்னது எனக்கு மச்சானுக்காகவே சொன்ன மாதிரி இருந்துச்சு. காஞ்ச காய உருவிச் சட்டைப்பை நெறைய அடைச்சுக்கிட்டேன்.

அந்த வெதை லேசுப்பட்ட வெதையில்ல. அப்படியே மண்ணுல போட்டு ஒண்ணும் முளைக்கல. முதலாளிதான் கொதிக்கிற தண்ணியில போட்டு ஒரு நாள் ஊற வைக்கச் சொன்னார், அவர் வீட்டுல முருங்கையோ என்னமோ அப்படிச் செஞ்சாங்களாம். வெதைய அவிச்சா முளைக்குமான்னு சிரிச்சேன். செஞ்சு பாத்தா முளைச்சுச்சு. டீசலுக்கு வரிசையில நின்னு நாடே நாறின காலம் அது. லொறி ஓடல. வேலையில்லாம கடை மொட்டை மாடியில குந்திக்கிட்டு நான் அந்தக் கண்டுக்குத் தண்ணி தெளிச்சேன். தோட்டத்துத் தவறணையில தேயிலைக் கண்டு வளக்கிற கறுப்புப் பொலித்தீன் பை இருக்கே, மச்சான் அதுல கொஞ்சம் வாங்கி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கண்டு எப்படின்னு கேப்பார். என்னப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டார். செடிக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லன்னு நான் சொன்னா லேசாச் சிரிப்பார். தங்கச்சி போன பிறகு அவர் பல்ல நான் அப்பத்தான் பாத்தேன்.

ஐப்பசி மழைக்கு நட்டோம். அடுத்த ஆனிக் காத்துக்கு அது அசையல. மானாப்புல் எல்லாம் வைக்கோலாப் போன பிறகும் இது பச்சையா நின்னுச்சு, பிறகு பூத்துச்சு. மேட்டுல அந்த ஒரு எடம் மட்டும் மஞ்சள். லயத்து வாசல்ல நின்னு பாத்தாலே தெரியும். இனி அவள எவனும் தொலைக்க முடியாதுன்னு மச்சான் சொன்னார். சொல்லிட்டுத் துண்டால மொகத்த மூடிக்கிட்டார். நானும் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மிச்சமிருந்த கண்டுல ஒண்ண அவளுக்குப் பக்கத்துலயே அவர் தனக்கு நட்டுக்கிட்டார். பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறீங்களா மச்சான்னு கேட்டேன். ஆமான்னார். தன்னை வைக்கிறப்ப அதப் பிடுங்கிட்டு, குழி மூடின பிறகு திரும்ப மேலயே நட்டுடணும்னு என்கிட்ட வாக்கு வாங்கினார். வாய விட்டுச் சிரிச்சுக்கிட்டே வாக்குக் குடுத்தேன். அவரு சிரிக்கல.

பூ வந்ததும் வண்ணத்துப்பூச்சி வந்துச்சு. இளம் மஞ்சள்ல, கூட்டம் கூட்டமா. சிவனொளிபாத மலைக்குப் போற பூச்சின்னு சின்னதுல சொல்லுவாங்க. இதுங்க எந்த மலைக்கும் போகல, ஆவாரை இலையிலயே முட்டை போட்டுச்சுங்க. பெரிய கருவண்டு ஒண்ணு பூவுக்குப் பூ உறுமிக்கிட்டுத் திரியும். நெழலுக்கு ஓணான் வந்துச்சு. ஒரு தரம் அடியில முயல் படுத்துக் கெடந்து, நாங்க போக எந்திரிச்சு ஓடிச்சு. செத்தவங்களத் தவிர யாரும் இல்லாத மேடு அது, அங்க இத்தனை உயிர் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு ஆச்சரியம். மச்சான் பின்னேரமானா அங்க போய்க் குந்திடுவார். தங்கச்சிக்குப் பேச்சுத் தொணை கெடைச்சிருச்சும்பார்.

ஆனா முட்டை பொரிச்சுப் புழு வருமில்ல. பச்சைப் புழு. ஒரு கெளை விடாம இலைய மொட்டையடிச்சிருச்சு. மச்சானுக்கு அதப் பாக்கப் பொறுக்கல. தேயிலையில புழு விழுந்தா என்ன செய்வாங்களோ அதச் செய்யணும்னு கையப் பெசைஞ்சார். மருந்து அடிக்கணும்னார். மருந்து அடிச்சா வண்ணத்துப்பூச்சி ஏது, சும்மா இருங்கன்னு நான் கத்தினேன். சரின்னுட்டார். எனக்குத் தெரியும் அந்தச் "சரி". மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு வாய்க்குச் சொல்ற சரி.

அடுத்த ஞாயித்துக்கிழமை போனா, ரெண்டு செடியையும் மட்டம் பிடிச்சுக் கவ்வாத்து வெட்டி வச்சிருக்கார். இடுப்பளவுக்கு, மேல தட்டையா, ஒரு குச்சி ஏறி எறங்கல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"இது தேயிலையில்ல மச்சான், இது காட்டுச்செடி. அது இஷ்டத்துக்கு வளரட்டும், கொழுந்தா எடுக்கப் போறீங்க?"

அவர் கோவிக்கல. கத்திய இடுப்புல சொருகிக்கிட்டே சொன்னார், "கைக்கு வேற ஒண்ணும் தெரியலையே மச்சான்."

தோட்டத்துல அவர வேலையில இருந்து நிப்பாட்டிக் கொஞ்ச நாளாச்சு. கவ்வாத்துக் கத்திய மட்டும் தினமும் தீட்டி வச்சுக்கிட்டு இருந்தார், வெட்ட மலை இல்ல. பொண்டாட்டிக்குச் செய்ய இனி அவர்கிட்ட என்ன இருக்கு? அந்த வெட்டு ஒண்ணுதான். போகட்டும்னு விட்டேன்.

வெட்டின ஆவாரை சும்மா சொல்லக் கூடாது, பிசாசு மாதிரித் தழைச்சுச்சு. சாதாரணமா அது நெட்டையும் குட்டையுமா, நடுவுல வெளிச்சம் தெரியத்தான் நிக்கும். இது அடர்ந்து, மேல மூடி, அசல் தேயிலைச் செடியா மாறிடுச்சு. வருசா வருசம் வெட்டினார், வருசா வருசம் இன்னும் நெருக்கமாச்சு. அதுலயும் தங்கச்சி மேல நின்னதுதான் அவருக்குச் செல்லம். அந்தத் தட்டு மேல மஞ்சள் பூவ விரிச்ச மாதிரி இருக்கும். சாவுக்கு வர்றவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்க. அவர் மொகத்துல ஒரு பெருமை தெரியும்.

போன வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. ஆனி பொறந்தா மேடு பூரா சுள்ளி. அந்தக் காய்ச்சல்ல தழைச்சு நின்னது ஆவாரை ஒண்ணுதான், அதனால புழுவும் அதுல ஏராளம். ஒரு நாள் பாத்துக்கிட்டு இருக்கேன், ஒரு குளவி வந்து புழு ஒண்ணக் கடிச்சு உருட்டித் தூக்கிக்கிட்டுப் போச்சு. பிறகு இன்னொண்ணு. புழு இருக்கிற எடத்துக்கு அதத் திங்கிறதும் வரத்தானே செய்யும். இதுங்க தூக்கிக்கிட்டுத் தூரப் போகல. அந்தச் செடிக்குள்ளயே போச்சு. குனிஞ்சு பாத்தேன். தட்டுக்கு அடியில, இலை இருட்டுக்குள்ள, சாம்பல் நெறத்துல கூடு தொங்குது. என் தங்கச்சி மேலயே.

திரும்பாம பின்பக்கமாவே அடி வச்சு வந்து மச்சான்கிட்டச் சொன்னேன். அவர் போய்த் தள்ளி நின்னு ரொம்ப நேரம் பாத்தார். இப்படி நெருக்கி வெட்டினதாலதான் வந்துச்சு, காட்டுச்செடியா நின்னிருந்தா இதுக்குள்ள கூடு கட்டியிருக்காதுன்னு நான் சொல்லல. சொல்ல வேண்டியிருக்கல. தேயிலைக்குள்ள குளவி எப்படிக் கூடு கட்டும்னு அவரவிட யாருக்குத் தெரியும்? வெட்டின தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னார்.

நெருப்பு வச்சுடுவோம்னு சொன்னேன். அவர் ஒத்துக்கல. அந்தக் காத்துல தீ வச்சா மேடு முழுக்கப் பத்தி லயம் வரைக்கும் எறங்கும், அது ஒண்ணு. செடி செத்துப் போனா அவ எடம் தொலைஞ்சு போகும், அது இன்னொண்ணு. மழை வந்தா குளவி தானாப் போயிடும், ஐப்பசி வரைக்கும் பொறுப்போம்னார். அதுவரைக்கும் அவ பக்கத்துல போய்க் குந்த முடியாதேன்னுதான் அவருக்குக் கவலை. அவர் எடத்தப் பத்தி நான் கேட்டேன். நான் இப்பப் போகப் போறதில்லையேன்னு சொன்னார்.

ஆடி முடியிறதுக்கு முன்னால போயிட்டார். காலையில பல்லு வெளக்கிக்கிட்டு நின்னவர் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் குந்தினாராம். அவ்வளவுதான். பக்கத்துக் காம்பராக்காரங்க திரீவீல் கூப்பிட்டு, அது வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

மருமகள், அதான் தங்கச்சி மக, கொழும்புல இருந்து மறுநாள் விடிய வந்து சேர்ந்தா. அம்மா சாவுக்கு அழுத புள்ள இதுக்கு அழல, சும்மா அவர் கால்மாட்டுல குந்தியிருந்தா. தோட்டத்துல குழி வெட்ட ஆளக் குடுத்தாங்க. எந்த எடம்னு தோட்டத்துச் சங்கத் தலைவருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும், ஆவாரை நட்டுப் பிடிச்ச எடமாச்சே. கூடு இருக்குன்னு நான் முன்னாலயே சொல்லித்தான் அனுப்பினேன், மெதுவா வெட்டுங்கன்னு. மண்வெட்டி தரையில விழுந்தா அந்த அதிர்வு போதாதா அதுங்களுக்கு? கொஞ்ச நேரத்துல ஓடி வந்துட்டாங்க. ஒருத்தனுக்குக் கண்ணு மூடிப் போச்சு, இன்னொருத்தன் கழுத்தெல்லாம் வீங்கிக் கெடந்தான். அவங்களக் கொற சொல்ல என்ன இருக்கு?

மேல் மேட்டுல, பாறைப் பக்கமா ஒரு எடம் பாக்கலாம்னு தலைவர் சொன்னார். எனக்கு வந்துச்சே கோவம். அந்த மனுசன் வாழ்நாள் பூரா ஒரு காணித் துண்டு கேக்கல, ஒரு வீடு கேக்கல, ஒரே ஒரு குழி கேட்டாரு, அதையும் குடுக்க மாட்டீங்களான்னு சாவு வீடுன்னும் பாக்காமக் கத்தினேன். மண்ணெண்ணெய்ப் போத்தலத் தூக்கிக்கிட்டேன். நானே போய்க் கொளுத்துறேன், செடி போனாப் போகுதுன்னு கெளம்பினேன். ரெண்டு மூணு பேர் பிடிச்சாங்க, உதறிட்டேன். தீ எறங்கும், புள்ளைங்க இருக்கு, வேணாம்னு பொம்பளைங்க சத்தம் போட்டாங்க. என் காதுல ஒண்ணும் ஏறல.

மருமகள் எந்திரிச்சு வந்து முன்னால நின்னா.

"அம்மாவப் பாத்தீங்கதானே மாமா. அந்த மாதிரி இன்னொருத்தர் வீட்டுல பாக்க வேணாம். அப்பாவ மேல, பாறைப் பக்கமே வைப்போம்."

அவ சத்தம் போடல. போத்தல என் கையில இருந்து வாங்கிக் கீழ வச்சா. அம்மாவும் அவ அம்மா, அப்பாவும் அவ அப்பா. விட்டுக் குடுக்க உரிமை அவளுக்குத்தான் இருந்துச்சு.

தப்பு மேளம் அடிக்கல. வெடி போடல. சத்தம் கேட்டா குளவி கெளம்பிடும்னு பயம். எங்க ஆளுங்க சாவுல தப்புச் சத்தம் இல்லாம பாடை போய் நான் பாத்ததே இல்ல. நேர் வழி தங்கச்சி பக்கமாப் போகுதுன்னு சுத்தி, கானுக்கு அந்தப் பக்கமா, கல்லுல வழுக்கி வழுக்கித் தூக்கிக்கிட்டு ஏறினோம். மூச்சு வாங்குற சத்தம் மட்டும்தான். அங்க இருந்து கீழ பாத்தா ரெண்டு ஆவாரையும் பூத்துக் கெடக்கு, ஒண்ணு தங்கச்சி மேல, ஒண்ணு வெறும் தரையில. மருமகள் ஒரு தரம்தான் அந்தப் பக்கம் பாத்தா. மண்ணு போட்டு முடிஞ்சதும் எறங்கிட்டா. கருமாதி முடிஞ்சு கொழும்புக்குப் போனவ இன்னும் வரல. வரச் சொல்லி நானும் கேக்கல.

ஐப்பசி பொறந்து மழை எறங்கிச்சு. அவர் சொன்ன மாதிரியே குளவி போயிடுச்சு. நான் கம்ப விட்டுத் தட்டிப் பாத்தேன், ஒண்ணும் வரல. கூட்டப் பிச்சு எடுத்தேன். காகிதம் மாதிரி கையில கனமே இல்ல. இதுக்காகத்தானா? ரெண்டு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா மச்சான்? எல்லாத்துக்கும் பொறுமையா இருந்த மனுசன், சாகுறதுக்கு மட்டும் என்ன அவசரம்? அந்த மழையில நின்னு வாய்க்கு வந்தபடி அவரத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்துச்சு.

மேல அவர் குழிக்கும் ஆவாரை வைக்கப் பாத்தேன். அடியில பாறை. வேர் எறங்க எடமில்ல. வச்சதெல்லாம் கொஞ்ச நாள் நின்னுட்டு மஞ்சளாகிச் சாயுது. எந்த வெயிலுக்கும் சாகாத செடி அங்க சாகுது. வேற எதுவும் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சுடுதண்ணியில வெதையப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன்.

தை பொறந்து கீழ் லயத்துல ஒரு பொம்பளை செத்துப் போச்சு. பீலிக்கரையில யாரு முதல்ல வாளி வைக்கிறதுன்னு என் தங்கச்சியோட ஓயாமச் சண்டை பிடிச்ச பொம்பளை. அது மகன் ஞாயித்துக்கிழமை என்னத் தேடி வந்தான். என்கிட்டக் கேக்கணும்னு கட்டாயமில்ல, நான் யாரு, அந்த மண்ணுல எனக்கென்ன பாத்தியதை? மரியாதைக்குக் கேட்டான். "அந்த எடம் சும்மாதானே கெடக்கு மாமா, அம்மாவ அங்க வச்சுக்கவா?"

அது மச்சான் எடம்டான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா மச்சான் மேல் மேட்டுல கெடக்காரே. தோண்டி எடுத்தா கொண்டு வர முடியும்? மழைக்குக் குழி மேடெல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு, வேற எடம் வெட்டினா யார் எலும்பு வருமோன்னு அவனுக்கும் பயம். வைங்கன்னு சொன்னேன்.

தங்கச்சி மேல நிக்கிறத யாரும் தொடல. பக்கத்துல இருந்த மச்சானோட செடியத்தான் வேரோட பிடுங்கிச் சரிவுல போட்டாங்க. அதுல இன்னும் புழு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதுங்களுக்குச் செடி செத்துப் போச்சுன்னு தெரியல. நான் குந்திக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துத் தங்கச்சி மேல நிக்கிற செடியில விட்டேன். இந்தச் சாவுக்குத் தப்பு அடிச்சாங்க. நல்லா அடிச்சாங்க.

இப்பவும் ஞாயித்துக்கிழமை போறேன். தங்கச்சிகிட்ட ரொம்ப நேரம் நிக்கிறதில்ல. அந்தப் பையன் வந்து அவன் அம்மாவுக்கு வெளக்கு வைக்கிறப்ப இவளுக்கும் ஒண்ணு வச்சுட்டுப் போறான், ஆவாரையும் வெட்ட ஆளில்லாம அது இஷ்டத்துக்கு நெட்டையாப் போயிடுச்சு, வண்ணத்துப்பூச்சி வருது. அவளுக்குப் பக்கத்துல ஆள் இருக்கு. மச்சான்தான் மேல தனியாக் கெடக்கார்.